செவிலியின் பிழையும் நோவும்

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தைப் பாடங்கேட்டோர், அதன் இறுதிக் குறளில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்திருத்தலை அறிவர். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து என்னும் மூன்றோடு நில்லாது, நோயாளியின் பக்கத்திருந்து மருந்தை இயற்றிக் கொடுப்பவனையும் அவர் ஒரு கூறாக வைத்தார். அவனுக்கு உழைச்செல்வான் என்னும் அழகிய பெயரையும் தந்தார். உழை என்பது பக்கம். இக்காலத்து நாம் செவிலியர் என்றும் நர்ஸ் என்றும் வழங்குவது அவ்வுழைச்செல்வாரையே. பரிமேலழகர் இந்நால்வகைக்கும் நந்நான்கு இலக்கணம் கூறிச் செல்கின்றார். நோயாளியிடத்து அன்பு, மனமும் மொழியும் மெய்யும் தூயவாதல், சொல்லியதைச் சொல்லியவாறே செய்யும் வன்மை, அறிவு என்பன உழைச்செல்வானுக்கு அவர் வகுத்தவை.

தேர்வின்பொருட்டு இவற்றை நெட்டுருச் செய்தவர் நம்முட் பலர். யானும் அவருள் ஒருவன். ஆயினும் அன்பும் தூய்மையும் வன்மையும் அறிவும் ஒருங்கேயுடைய ஒரு பெண், ஓர் இரவில் மருந்தின் அளவைத் தவறிவிடுவாளாயின், மறுநாள் அவள் எவ்வாறு அவ்வார்டினுள் மீண்டும் அடிவைப்பாள் என்பதற்கு உரையில் விடையில்லை. உரையாசிரியர் அதனைக் கூறாதது குறையன்று. இலக்கணம் கூறுவார் வழுவமைதிக்குத் தனியிடம் வேண்டுவர். ஆனால் அவ்வினா எங்கள் வீட்டிலேயே எழுந்துவிட்டமையால், சிறியேன் இதனை எழுதப் புகுந்தேன்.

நம் நாட்டில் செவிலியர் பயிற்சி நெடுங்காலமாக நடைபெறுவது. சென்னைப் பொது மருத்துவமனையில் 1871-ஆம் ஆண்டு அது தொடங்கிற்று. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1909-இல் செவிலியர்க்குப் பள்ளி ஏற்படுத்தினார். 1946-இல் அங்கே பட்டப்படிப்பும் தோன்றிற்று. இன்று நாமக்கல், இராசிபுரம், குமாரபாளையம், சேலம் ஆகிய ஊர்ச் சாலைகளிற் காலை எட்டு மணிக்கு நின்று பார்ப்போர், செவிலியர் கல்லூரிச் சீருடையணிந்த மகளிர் பேருந்துகளில் நெருங்கிச் செல்வதைக் காண்பர். நெசவாளர் மகளும், கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்குவார் மகளும், லாரி ஓட்டுநர் மகளும் அவருள் இருப்பர். நான்கு ஆண்டு கழித்து அவர் கையில் ஒரு பட்டம் இருக்கும். பிறிதொருவர் உயிரும் இருக்கும்.

கல்லூரியில் ஒரு நோயாளியைச் சுற்றி மாணவியர் அறுவரும் ஆசிரியை ஒருவரும் நிற்பர். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலோ, ஒருத்தியைச் சுற்றி நோயாளர் இருபதின்மர் கிடப்பர். அமெரிக்க நாட்டு மார்லின் கிரேமர் என்பார், இம்மாற்றத்தில் இளஞ்செவிலியர் அடையும் அதிர்ச்சியையும், அதனாற் பலர் தொழிலையே துறந்து போதலையும் 1974-இல் ஒரு நூலாக எழுதினார். பத்தாண்டு கழித்துப் பட்ரீஷியா பென்னர் என்பார், புதியவள் விதியைப் பற்றிக்கொண்டே நடப்பாள் என்றும், விதிக்குள் அடங்காத நிலையை ஒரே பார்வையில் உணரும் ஆற்றல் ஆண்டுகள் பல சென்றே வருமென்றும் காட்டினார். உரிய நோயாளி, உரிய மருந்து, உரிய அளவு, உரிய வழி, உரிய நேரம் என்னும் ஐந்தையும் கனவிலும் ஒப்பிக்கும் பெண், மணியோசையும் உறவினர் கூச்சலும் தொலைபேசியும் ஒருங்கே எழும்போது அவ்வைந்துள் ஒன்றை நழுவ விடுகின்றாள்.

என் தமக்கை நழுவவிட்டது மூன்றாவதை.

அவர் பட்டம் பெற்று ஒரு நகரத்து மருத்துவமனையிற் சேர்ந்து மூன்றாம் திங்கள் நடந்தது. இரவுப் பணி. லாரி ஓட்டும் ஒருவர், காலிற் புண்ணோடும் மிகுந்த சர்க்கரையோடும் வந்து கிடந்தார். உணவிற்கு முன் பதினாறு அலகு இன்சுலின் கொடுக்கவேண்டுமென்று மருத்துவர் எழுதியிருந்தார். வார்டிலிருந்த மருந்து தீர்ந்துபோனமையின், நோயாளி தம் வீட்டிலிருந்து கொணர்ந்த குப்பியைத் தமக்கையார் எடுத்தார், வழக்கமான சிரிஞ்சில் பதினாறாம் கோடுவரை ஏற்றினார், ஊசியிட்டார்.

ஈண்டு ஒரு செய்தியை வாசகர்க்கு விளக்குதல் வேண்டும். நம் நாட்டில் இன்சுலின் இருவகைச் செறிவில் விற்கின்றது. ஒரு மில்லி லிட்டரில் 40 அலகு உள்ளது ஒன்று. 100 அலகு உள்ளது மற்றொன்று. அவ்வவற்றிற்குத் தனித்தனிச் சிரிஞ்சு உண்டு. நாற்பதிற்குச் சிவப்பு மூடி; நூற்றுக்கு ஆரஞ்சு மூடி. நாற்பதின் சிரிஞ்சில் நூற்றின் மருந்தை ஏற்றினால், கோடு பதினாறு என்று காட்டும்; உள்ளே செல்வதோ நாற்பது அலகு. இரண்டரை மடங்கு! மாறி ஏற்றினாலும் கேடே. பதினாறுக்கு ஆறரையும் நிறையாது. இரண்டு மூடிகளும் மங்கிய விளக்கில் ஏறக்குறைய ஒரே நிறமாய்த் தோன்றுமென்று தமக்கையார் கூறுவர். இந்நிறங்களைத் தெரிவு செய்தவர் நள்ளிரவில் ஒரு வார்டில் நின்று பார்த்திருப்பாரோ என்பது என் ஐயம்.

குப்பியை மீண்டும் பெட்டியில் வைக்கும்போதுதான் அதன்மேல் அச்சிட்டிருந்த நூறு என்னும் எண் அவர் கண்ணிற் பட்டது. "தம்பி, அந்த எண்ணைக் கண்டபின் நான் எத்தனை மூச்சு விட்டேன் என்று எனக்குத் தெரியும். நான்கு. அந்த நான்கு மூச்சிலும் ஒன்றும் சொல்லாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். சாப்பாடு வந்துவிட்டது, சாப்பிட்டால் சரியாகிவிடுவார், யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன்" என்று அவர் என்னிடம் சொன்னார். ஐந்தாம் மூச்சில் மூத்த செவிலியரிடம் ஓடினார்.

அம்மூத்த செவிலியர் வைதாரல்லர். எப்போது, எவ்வளவு, உண்டாரா என்னும் மூன்று கேள்வியே கேட்டார். மருத்துவர் வந்தார். குளுக்கோஸ் நீர் நரம்பில் ஏறிற்று. கால்மணிக்கு ஒருமுறை விரல்நுனியிற் குத்திச் சர்க்கரையை அளந்தனர். ஒருகால் அது 54 வரை இறங்கிற்று. நோயாளிக்கு வியர்த்து, கை நடுங்கிற்று. பின்னர் மெல்ல ஏறிற்று. அவர் வீட்டிலிருந்து கொணர்ந்தது விரைந்து வேலைசெய்து விரைந்து தீரும் வகையாதலின், விடியுமுன் இடுக்கண் நீங்கிற்று. அவர் உயிர் பிழைத்தது மருந்தினால் அன்று. அந்த நான்கு மூச்சு நாற்பதாக நீளாமையினால் என்றே யான் எண்ணுகின்றேன். ஆலயத்திற் பொது அறிக்கையைப் பலரோடு சேர்ந்து சொல்லுதல் எளிது. நள்ளிரவில் தனித்து நின்று ஒருவர் முன்னிலையிற் சொல்லுதல் வேறு. பரிமேலழகர் கூறிய மொழித்தூய்மை என்பது இன்சொல் பேசுதல் மட்டுமன்று என்பது எனக்கு அன்று விளங்கிற்று.

காலையில் மருத்துவர் நடந்ததை நோயாளியிடம் மறையாது கூறினார். ஓட்டுநர் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் மனைவியாரோ கொதித்தெழுந்தார். அப்பெண் இனி என் கணவர் கட்டிலருகே வரக்கூடாது என்றார். அவர் சொல்லியது நியாயமே என்பது தமக்கையாரின் கருத்து. என் கருத்தும் அதுவே. மருத்துவமனை அலுவலகம் விளக்கக்கடிதம் எழுதி வாங்கிற்று. ஒருநாட் சம்பளத்தைப் பிடித்தது. பெயரைப் பலகையில் ஒட்டிற்று. ஒரே பெட்டியில் இருவகைக் குப்பி இருந்தமை பற்றியும், அவ்விரவில் அவ்வளவு நோயாளர்க்கும் இரண்டு செவிலியரே இருந்தமை பற்றியும் அப்பலகையில் ஒரு சொல்லும் இல்லை.

பொங்கல் விடுமுறைக்கு அவர் வீட்டிற்கு வந்தபோது நாங்கள் கண்டது வேறொரு பெண்ணை. உணவு செல்லவில்லை. துயிலில் எழுந்து உட்கார்ந்து எண்களை முணுமுணுப்பார். எங்கள் பாட்டியாருக்கும் இன்சுலின் உண்டு. முன்னெல்லாம் அவருக்கு ஊசியிடுவது தமக்கையாரே. இம்முறை கை நடுங்க, அன்னையார் வாங்கி இட்டார்கள். "தையல் கற்றுக்கொண்டு வீட்டோடு இருந்துவிடுகிறேன், அம்மா" என்றார். தந்தையார் கடன் வாங்கிப் படிக்கவைத்த படிப்பு அது. அவர் ஒன்றும் சொல்லாமல் எழுந்து வெளியே சென்றார்.

இத்தகையோர்க்கு ஒரு பெயர் உண்டென்பதைப் பின்னரே படித்தறிந்தேன். ஆல்பர்ட் ஊ என்னும் மருத்துவ அறிஞர் 2000-ஆம் ஆண்டு எழுதிய ஒரு கட்டுரையில், மருத்துவப் பிழையால் முதலில் அடிபடுவோர் நோயாளியாயின், அப்பிழையைச் செய்து உள்ளமுடைந்து நிற்போர் இரண்டாவதாக அடிபட்டவர் என்றார். இப்பெயரை வெறுப்பாரும் உளர். பிழையால் உற்றாரை இழந்தோர் சிலர் 2019-இல் அதே இதழில், எம் துயரோடு இதனை நிரல்படுத்தாதீர் என எழுதினர். அந்த ஓட்டுநர் மனைவியாரை நினைக்குந்தோறும் அவர் கூற்றில் வலிமை உண்டென்றே தோன்றுகின்றது. பெயர் எதுவாயினும் ஆகுக, நோவு உண்மை.

அந்நோவை என்செய்வது? மறந்துவிடு என்றனர் உறவினர். எல்லோரும் செய்வதுதானே என்றனர் சிலர். இவ்விடத்தில் எனக்கு எங்கள் ஊர் வாயிலில் நின்றால் தோன்றும் கொல்லிமலை துணையாயிற்று. எங்கள் ஊர் சேந்தமங்கலத்தை அடுத்தது. அம்மலைமேல் ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் பிராண்டு என்னும் மிஷனெரித் தம்பதிகள் மருந்தும் கல்வியும் கொடுத்து வாழ்ந்தனர். ஜெஸ்ஸி துரை 1929-இல் காய்ச்சலால் அங்கேயே மாண்டார். அவர்தம் மகன் பால் பிராண்டு 1914-இல் அம்மலையிற் பிறந்தவர். இங்கிலாந்திற் கற்று மருத்துவராகி, 1946-இல் வேலூருக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தியவர்.

தொழுநோயில் விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பது அந்நாள்வரை பலர் கொண்டிருந்த எண்ணம். பால் பிராண்டும் அவருடன் உழைத்தோரும் கண்டது வேறு. அந்நோய் நரம்பைக் கெடுத்து நோவறியாமையைத் தருகின்றது. நோவு அறியாதவன் கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குகின்றான். செருப்பினுள் ஆணி தைத்தும் காதவழி நடக்கின்றான். இரவில் எலி விரலைக் கடித்தும் துயில்கின்றான். விரலைத் தின்பது நோய் அன்று, நோவின்மையே. ஆதலின் நோவு ஒரு கொடை என்று அம்மருத்துவர் வாழ்நாள் முழுதும் சொல்லியும் எழுதியும் வந்தார்.

இதனைத் தமக்கையாரிடம் சொன்னேன். அவருக்குத் தெரியாத செய்தியன்று. தொழுநோய்ப் பாடத்தில் அவர் படித்ததே. ஆனால் தம் கை நடுக்கத்தோடு அதனை அவர் இணைத்துப் பார்த்திருக்கவில்லை. நடுங்குகின்ற கை உணர்விழந்த கையன்று என்பதே யான் சொல்ல விரும்பியது. சற்று நேரம் பேசாதிருந்து, "நோவு வேண்டும், சரி. ஆனால் நோவு தாங்காமல் கையையே கட்டிப் போட்டுவிட்டால், கை சூம்பிப் போகும், தம்பி" என்றார். என் உவமையை என்னினும் நன்றாக அவர் முடித்தார். தமிழ் ஆனர்ஸ் படிப்பவன் யான்!

பால் பிராண்டின் வரலாற்றிலேயே பிறிதொரு செய்தி உண்டு. அவர் பின்னாளில் அமெரிக்காவிற் பணிபுரிந்தபோது, உணர்விழந்த கைக்குச் செயற்கை நோவு ஒன்றை அமைக்க முயன்றார். கையுறையில் அழுத்தம் அறியும் கருவி வைத்து, மிகுந்தால் ஒலியெழச் செய்தனர். ஒலியைப் பொருட்படுத்தாரைக் கண்டு மின்னதிர்ச்சியும் சேர்த்தனர். நோயாளரோ, கடினமான வேலையொன்றைச் செய்யப்புகும்போது கருவியை அணைத்துவிட்டு வேலையை முடித்தனர். முயற்சி கைவிடப்பட்டது. நம் மருத்துவமனைகள் பலவற்றில் பிழைப் பதிவேடுகள் இவ்வாறே உள்ளன போலும். எழுதினால் தண்டம் என்பது அறிந்தவுடன் எழுதுவோர் கை நின்றுவிடுகின்றது; ஏட்டில் வெற்றுத்தாள் மிகுகின்றது; பிழை இல்லையென்று மேலோர் மகிழ்கின்றனர்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் இதற்கு மாறாக நடந்தார். கிரிமியப் போர்க்காலத்தில் 1854-இல் ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு அவர் சென்ற பின்னரும் முதற் குளிர்காலத்தில் வீரர் ஆயிரக்கணக்கில் மாண்டனர். புண்ணினும் நோயினால் மாண்டவரே மிகப் பலர். சாக்கடையும் காற்றோட்டமும் 1855-இல் திருத்தப்பட்ட பின்னரே சாவு குறைந்தது. நாடு முழுதும் தம்மைப் புகழ்ந்துகொண்டிருந்தபோதே, தாம் இருந்த மருத்துவமனையின் சாவுக் கணக்கை அவர் ஒளிக்கவில்லை. வண்ணப் படமாக வரைந்து 1858-இல் வெளியிட்டார். விளக்கேந்திய மாது என்று நாம் அவரைப் படங்களிற் காண்கின்றோம். கணக்கேந்திய மாது என்பதே எனக்குப் பெரிதாய்ப் படுகின்றது.

அமெரிக்க மருத்துவக் கழகத்தார் 1999-இல் வெளியிட்ட அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் ஆண்டுதோறும் 44,000 முதல் 98,000 பேர்வரை பிழைகளால் இறப்பதாக மதிப்பிட்டது. அவற்றுட் பெரும்பாலன தீயோர் செயலல்ல. நல்லோர் கெட்ட அமைப்பினுள் நின்று செய்தவை என்பதே அதன் முடிபு. செறிந்த பொட்டாசியக் குப்பியை வார்டிலிருந்தே அகற்றினால், அதனை மாற்றி எடுப்பார் அங்கு இலர். இது நம் பாட்டியார் மண்ணெண்ணெயைக் குடிநீர்ப் பானைக்கு அருகில் வையாதிருந்த அறிவுதான், புதிதன்று.

சட்டமோ இன்னும் தடுமாறுகின்றது. நம் உச்ச நீதிமன்றம் 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில், மருத்துவத் தொழிலில் நேரும் வெறும் கவனக்குறைவு குற்றமாகாது, மிகக் கொடிய அசட்டையே குற்றமாகும் என்று தீர்த்தது. 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதையின் 106-ஆம் பிரிவு, அசட்டையால் மரணம் விளைத்தார்க்கு ஐந்தாண்டு வரையும், பதிவுபெற்ற மருத்துவராயின் இரண்டாண்டு வரையும் சிறை விதிக்கின்றது. மருத்துவப் பட்டம் பெற்று மருத்துவப் பதிவேட்டிற் பெயர் ஏறியோரையே அச்சொல் குறிக்கும், செவிலியரைக் குறியாது. மருந்தை எழுதியவர்க்கு இரண்டு, ஏற்றியவர்க்கு ஐந்து என்பது என்ன நீதியோ அறியேன். அமெரிக்காவின் நாஷ்வில் நகரில் 2017-இல் ஒரு செவிலியர் மயக்கமருந்து என்று எண்ணித் தசையை முடக்கும் மருந்தைக் கொடுத்து, ஒரு மூதாட்டி இறந்தார். தம் பிழையைத் தாமே உடன் ஒப்புக்கொண்ட அவரை 2022-இல் குற்றவாளியெனத் தீர்த்து, மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைத்தனர். அத்தீர்ப்பைக் கேட்ட பிற செவிலியர், நான்கு மூச்சு விடும் அந்நேரத்தில் இனி என் செய்வர்?

தமக்கையார் தையல் கற்கவில்லை. விடுமுறை முடியுமுன் அம்மூத்த செவிலியர் தொலைபேசியில் அழைத்தார். ஆறுதல் ஒன்றும் கூறவில்லை. "செவ்வாய் இரவு எனக்கு ஆள் இல்லை, நீ வா" என்றாராம். போனவுடன் முதல் வேலையாக இன்சுலின் தட்டையே கையிற் கொடுத்தார். தாம் பக்கத்தில் நின்றார். வாங்கி இடவில்லை, விலகிப் போகவும் இல்லை. மருந்தின் பெயரையும் செறிவையும் மூடியின் நிறத்தையும் உரக்கப் படிக்கச் செய்தார், தாமும் படித்தார். மூன்றாம் இரவு, தாம் இருபதாண்டு முன் ஒரு குழந்தைக்குச் செய்த பிழையைச் சொன்னார். அக்குழந்தை பிழைக்கவில்லை. ஏன் இத்தொழிலில் நீடித்தீர்கள் என்று தமக்கையார் கேட்டதற்கு, "போயிருந்தால், அன்றைக்கு நீ யாரிடம் ஓடி வந்திருப்பாய்?" என்பதே விடை.

மிசூரிப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த சூசன் ஸ்காட் என்னும் செவிலியரும் அவர் தோழரும், இவ்வாறு உடைந்தோர் மீளும் நிலைகளை ஆராய்ந்து 2009-இல் எழுதியுள்ளனர். சிலர் தொழிலைத் துறக்கின்றனர்; சிலர் புண் ஆறாமலே தங்குகின்றனர்; சிலர் அதனின்று ஏதோ ஒன்றை ஆக்கிக்கொண்டு வளர்கின்றனர். உடன் பணிபுரிவோர் துணை அதற்கு இன்றியமையாதது என்று கண்டு, அதற்கெனப் பயின்ற துணைவர் குழு ஒன்றையும் அங்கு அமைத்திருக்கின்றனர். தமக்கையாருக்கு வாய்த்தது குழுவன்று, ஒருவரே. எல்லா வார்டிலும் அவ்வொருவர் இருப்பாரென்று எவ்வாறு நம்புவது?

இப்பொழுது அவ்வார்டில் வீட்டிலிருந்து வரும் குப்பிகளுக்குத் தனித்தட்டு உண்டு. நூறு என்று கொட்டை எழுத்தில் எழுதிய தாளை ஒட்டியே உள்ளே வைக்கின்றனர். இதனைச் செய்தது அலுவலகம் அன்று. அவ்விருவரும் தம் கைக்காசில் தாளும் பசையும் வாங்கிச் செய்தனர். பாட்டியாருக்கு ஊசியிடும் வேலையையும் தமக்கையார் வருந்தோறும் மீண்டும் ஏற்றுக்கொண்டார். படிப்பதென்னவோ இன்னும் மூன்றுமுறை. பாட்டியார் "எத்தனை தரம் படிப்பாய், பசிக்கிறது" என்று சினப்பார்.

சென்ற திங்கள் பாட்டியாரின் சிரிஞ்சு தீர்ந்துபோகவே, நாமக்கல்லில் ஒரு மருந்துக்கடைக்கு யானே சென்றேன். இன்சுலின் சிரிஞ்சு வேண்டுமென்றேன். கடையிலிருந்தவர் வேறொருவர்க்குச் சில்லறை எண்ணிக்கொண்டே, எந்த இன்சுலினுக்கு என்று வினவாமல், சிவப்பு மூடியிட்டது ஒன்றை எடுத்து என்முன் வைத்தார்.